சம்பந்தி, அந்த ‘டி’ நம்ம ப்ளாக் பேரு இல்லையாம்

என் வாயாடிச் சம்பந்தி கஸ்தூரிக்கு,

பேனாவை எடுத்ததும் கை தானாக ‘பெறுநர், உயர்திரு அதிகாரி அவர்கள்’ என்று எழுதப் போனது. அதை அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன். பத்தாவது வரை படித்தவள் என்று என்னைப் பிடித்து உட்கார வைத்து, நம் ப்ளாக்கின் எல்லா மனுவையும் எழுத வைத்தவள் நீதானே. மனு எழுதி எழுதி, மனுஷிக்குக் கடிதம் எழுதவே மறந்துபோய்விட்டது. நடுவில் எங்கேயாவது ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று வந்தால் பொறுத்துக்கொள்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு எழுதினேன். ஒருத்தரும் பதில் போடவில்லை. நீயும் போடப் போவதில்லை. ஆனால் உன்மேல் எனக்குக் கோபம் வராது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது கஸ்தூரி. காலையில் காசிமேட்டில் மீன் எடுக்கும்போதும் பயம், காலடிப்பேட்டைத் தெருவில் கூவி விற்கும்போதும் பயம், வீடு திரும்பும்போது நம் ப்ளாக் இன்னும் நிற்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்க்கிறேன். இதை ப்ளாக்கில் யாரிடம் சொல்ல? எல்லோருக்கும் அதே பயம். ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள்.

நல்ல சேதியை முதலில் சொல்கிறேன். நம் தீபா முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம். உன் மகன் பிரகாஷ் சொல்லும்போது வெட்கப்பட்டுக்கொண்டு ஃபோனை அவள் கையில் கொடுத்துவிட்டான். அவ்வளவு பெரிய டிரைலர் லாரி ஓட்டுகிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டும் ஒரே மழைக்காலத்தில் பிறந்தவை. என் குழந்தையை உன் மடியில் போட்டுக்கொண்டு, “இவ என் மருமவ, நீ என் சம்பந்தி” என்றாய். அன்றிலிருந்து ரேஷன் கடை வரிசையில்கூட நாம் சம்பந்தி, சம்பந்தி என்றே கூப்பிட்டுக்கொண்டோம். நாம் விளையாட்டாகச் சொன்னதை அவர்கள் இரண்டு பேரும் பெரியவர்களாகி நிஜமாக்கியபோது, நீ சிரித்த சிரிப்பு கீழ்த்தளம் வரை கேட்டது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். உன் வீட்டுக்கு அடுத்த கதவுதான் தாய் வீடு. “மருமவள தாய் வூட்டுக்கு அனுப்ப நான் ஆட்டோ புடிக்கணுமா, இல்ல கதவத் தொறந்து உட்டா போதுமாமே?” என்று என்னைக் கிண்டல் செய்வாய். கதவைத் திறந்துவிட நீ இல்லை. கதவுகளும் இப்போது சரியாகத் திறப்பதில்லை, சுவர் இறங்கி நிலை கோணிவிட்டது.

இப்போது அந்த ‘டி’ விஷயத்துக்கு வருகிறேன். நீ போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கையில் ஏதோ மிஷின் வைத்துக்கொண்டு சில பேர் வந்து சுவரையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்களே. அதற்கப்புறம் ஒரு பெயிண்டர் சிவப்பு டப்பாவோடு வந்தான். நம் ப்ளாக் முகப்பில் ஆங்கிலத்தில் ‘டி’ என்று எழுத ஆரம்பித்தான். நம்முடையது டி ப்ளாக். பழைய எழுத்து உப்புக்காற்றில் எப்போதோ அழிந்துபோயிருந்தது. சரி, பேர் எழுதுகிறான், அடுத்து சுண்ணாம்பு அடிப்பான், அப்படியே பூச்சு வேலையும் நடக்கும் என்று நாம் எல்லோரும் நினைத்தோம்.

நீ சும்மா இருந்தாயா? உள்ளே போய் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாய். டீ போட்டுக் கொடுத்தாய். “நல்லா பெருசா எழுதுப்பா. கண்ணு தெரியாதவங்களுக்கும் தெரியணும்” என்று சொல்லி, அவன் எழுதியதன் மேலேயே இன்னொரு கோட்டிங் அடிக்க வைத்தாய். அந்த ஆள் உன்னை ஒரு மாதிரி பார்த்தான். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் பார்த்தால் ஏ ப்ளாக் சுவரிலும் ‘டி’. சி ப்ளாக்கிலும் ‘டி’. பெயிண்டர் தண்ணி போட்டுவிட்டு எழுதியிருக்கிறான் என்று எல்லோரும் சிரித்தோம். நீதான், “நம்ம ப்ளாக்குக்கு எவ்ளோ மவுசு பாரு, அத்தினி பேரும் நம்ம பேர வெச்சிக்கினாங்க” என்றாய். அந்த வாரம் முழுக்க அது நமக்கு வேடிக்கை.

அப்புறம் உனக்கு மூச்சுத் திணறல் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. உன்னை மேளம் வைத்துத்தான் எடுத்தோம். சரவெடி கொளுத்தினோம், பிள்ளைகள் வாசலில் ஆடித் தீர்த்தார்கள். வெடிச் சத்தத்துக்கு நடுவே மேலே எங்கேயோ தொம்மென்று ஒரு சத்தம் கேட்டது. அதையும் வெடி என்றே நினைத்தோம்.

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து உன் வீட்டைத் திறந்தால், சமையல் மூலையில் கூரைக் காரை பாளம் பாளமாக விழுந்து கிடக்கிறது. அடுப்பு நசுங்கிப்போயிருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு நீ நிற்கிற இடம். பிரகாஷ் ஈரத் துணியோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். எனக்கு அழுகை வந்து அழுதேன், ஆனால் அது உனக்காக அழுததா, பயத்தில் அழுததா என்று இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு தீபாவையும் பிரகாஷையும் அங்கே இருக்க விடவில்லை. மணலியில் ஒரு அறை பிடித்துக் கொடுத்தோம். நம் வளாகத்தில் யாரும் மேளம் அடிப்பதில்லை என்று பேசி முடிவு செய்தோம். போன மாதம் கீழ் வீட்டுப் பெரியவரை, மெயின் ரோடு வரைக்கும் சத்தமே இல்லாமல் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பெண்டாட்டி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். நம் ஆட்களில் அப்படி ஒரு சாவை நீ பார்த்திருப்பாயா?

ஒரு நாள், நமக்கு இந்த வீடுகளைக் கட்டிக் கொடுத்த வாரியத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து மைதானத்தில் எல்லோரையும் கூட்டினார். “எல்லாரும் சீக்கிரம் காலி பண்ணிடுங்க. நீங்க காலி பண்ணாத்தான் இடிச்சிட்டுப் புதுசா கட்ட முடியும்” என்றார். எதற்கு இடிக்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். அவர் நம் சுவரைக் கையால் காட்டினார்.

“அதான் எழுதியிருக்கே, ‘டி’ன்னு.”

“அது எங்க ப்ளாக் பேரு சார்” என்றேன் நான்.

அவர் என் முகத்தையே பார்த்தார். “ஏம்மா, இன்னுமா உங்களுக்குத் தெரியாது? ‘ஏ’ன்னா நல்லா இருக்கு. ‘பி’, ‘சி’ன்னா ரிப்பேர் பண்ணலாம். ‘டி’ன்னா ஆள் இருக்கவே கூடாது. எப்ப வேணா விழும்.”

நாம் ஸ்டூல் போட்டு, டீ கொடுத்து, பெரிதாக எழுத வைத்த எழுத்து அது. இத்தனை மாதம் அதன் கீழே கயிறு கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். ஒருவர், ஒரே ஒருவர், வந்து வாயால் சொல்லியிருக்கக் கூடாதா? நீ இருந்திருந்தால் அந்த ஜீப்பைத் திரும்பிப் போக விட்டிருக்க மாட்டாய்.

“இன்னா சார், எப்போ கட்டித் தருவீங்க?” என்று கேட்டேன். ப்ராசஸில் இருக்கிறது என்றார். “கடலோரத்துல ஒரு ப்ளாக்க இப்டித்தான் காலி பண்ண சொன்னீங்க. அந்த எடத்துல இப்போ கன்டெய்னர் லாரி நின்னுகினு கீது. அந்த ஜனங்க எங்க சார்?” அதற்கும் ப்ராசஸ் என்றார். அந்த ஒரு வார்த்தையை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

புதுசு கட்டித் தரும் வரை வெளியே வாடகைக்கு என்று அவர்கள் கொடுப்பதாகச் சொல்லும் தொகை, காலடிப்பேட்டையில் அட்வான்சுக்கே காணாது. நானும் தெருத்தெருவாகக் கேட்டுப் பார்த்தேன். சிலிண்டர் விலையும் கேன் தண்ணீர் விலையும் ஏற ஏற வாடகையும் கூடவே ஏறுகிறது. துணிந்து சரி என்றாலும், ஒரு வீட்டுக்காரம்மா கேட்டை பாதி திறந்து, “மீன் விக்கறவங்களா? வாடை அடிக்குமே” என்றாள். அவள் வீட்டு வாசலில்தான் நான் வாராவாரம் வஞ்சிரம் அறுத்துக் கொடுக்கிறேன்.

ஆக, இருந்தால் கூரை விழும், போனால் திரும்பி வர முடியாது. இரண்டில் எதற்கு நான் அதிகம் பயப்பட வேண்டும், சொல்.

எங்கள் நாட்கள் எப்படிப் போகின்றன தெரியுமா? எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்கின்றன. சோற்றில் மண் விழுகிறது, தட்டைக் கையால் மூடிக்கொண்டு சாப்பிடுகிறோம். ரேஷன் கார்டு, ஆதார், தீபா கழுத்தில் போட்ட செயினின் அடகுச் சீட்டு எல்லாம் ஒரு பையில் கதவோரம் தொங்குகிறது, ஓடினால் இழுத்துக்கொண்டு ஓட. என் வீட்டுக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே, எதற்கும் அசராத மனுஷன். மீன்பிடி லாஞ்சில் போய்ப் புயலில் மாட்டித் திரும்பி வந்தவர். போன தடவை கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “கடல்ல எனக்கு பயம் இல்ல மல்லிகா. வூட்லதான் பயமா கீது” என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை.

கடைசியில் பொம்பளைகள் எல்லோரும் காலிக் குடங்களோடு எக்ஸ்பிரஸ் ரோட்டில் போய் உட்கார்ந்தோம். கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் பக்கம் வரைக்கும் வரிசையாக நின்றுவிட்டன. எனக்கு ஃபோன் வந்தது. உன் மகன்.

“அத்தே, ரோட்ட மறிச்சது நீங்கதானா?”

“நாங்கதான். நீ எங்க கீற?”

“உங்களுக்குப் பின்னாலதான் மாட்டிகினு கீறேன். ஹார்பர் கேட் மூடிட்டா இன்னிக்கு டிரிப் போச்சு அத்தே.” எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், “பரவால்ல, எழுந்திரிக்காதீங்க” என்றான்.

வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து எங்களுக்குத் தண்ணீர் பாக்கெட் வாங்கிக் கொடுத்தான். போலீஸ்காரர், “லாரி டிரைவருக்கு இங்க என்னடா வேலை?” என்று கேட்டார். “மாமியா வூடு சார்” என்றான். ரோட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். அன்றைக்குச் சிரித்தது அது ஒன்றுதான்.

ஆபீசிலிருந்து யாரோ வந்தார்கள், சீக்கிரமே நல்ல முடிவு வரும் என்றார்கள், எழுந்து வந்துவிட்டோம். நல்ல முடிவு வரவில்லை. பிரகாஷுக்குத்தான் டிரிப் காசு போனது.

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். ஒரு மத்தியானம் மீன் கூடையை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் பையோடு தீபா படியேறி வந்து நின்றாள். மணலியில் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, கம்பெனிப் பக்கமிருந்து வாடை வரும்போதெல்லாம் வாந்தி எடுக்கிறாள் என்று தெரியும். அந்த அறையின் சொந்தக்காரரும், குழந்தை பிறந்தால் தண்ணீர் அதிகம் செலவாகும், வாடகையைக் கூட்டிக் கொடுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

நான் வாசல் நிலையில் இரண்டு கையையும் வைத்து மறித்து நின்றேன்.

“இன்னாமா, வழிய உடு.”

“உள்ள வராத தீபா.”

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். “ஏழாம் மாசம் தாய் வூட்டுக்கு வந்த பொண்ண எவனா வாசல்ல நிக்க வெப்பானா? வவுத்துல கீறது காலால ஒதைக்குது, நவுரு.”

“வூடு உயுந்துடும்டி.”

“அப்போ நீ மட்டும் உள்ள எப்டி கீற?”

நான் கையை எடுக்கவில்லை. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள். “நான் எங்கமா போறது?”

பெற்ற பெண்ணை வாசலில் நிறுத்திவிட்டேனே கஸ்தூரி. வேறு எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு நிலை வரக் கூடாது. கீழே ரோட்டில் ஒரு லாரி போயிற்று, மேலிருந்து மண் அவள் தலையில் உதிர்ந்தது. நடைபாதையும் அதே கூரைதானே, அங்கே நின்றாலும் ஒன்று, உள்ளே வந்தாலும் ஒன்று. கையை எடுத்தேன். உள்ளே வந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, பூட்டிக் கிடந்த உன் வீட்டிலிருந்து அந்த இரும்புக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்தோம். காரை விழுந்தாலும் தாங்கட்டும் என்று கட்டிலின் மேல் பழைய மெத்தை, துணி மூட்டை எல்லாவற்றையும் அடுக்கினேன். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தேன். உன் மருமகள் இப்போது கட்டிலுக்குக் கீழேதான் படுக்கிறாள். நம் ப்ளாக்கில் கட்டில் இருக்கிற வீடுகளில் குழந்தைகளையெல்லாம் இப்படித்தான் படுக்க வைக்கிறார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக அவள் படும் பாட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, திரும்பி நின்றுகொள்கிறேன்.

அன்று கீழே ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, இடுக்கு வழியாகக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் வீடுகளில் நடுக்கூடத்தில் தூளி கட்ட ஒரு கொக்கி உண்டே, அவளும் பிரகாஷும் மாறி மாறித் தூங்கியது. அதைச் சுற்றிலும் காரை போய், துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கொக்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்குகிறது.

“மா, தூளி எங்க கட்டுவ?”

பார்த்துக்கொள்ளலாம் என்றேன். எங்கே பார்ப்பது?

மறுநாள் மனு எழுதி எடுத்துக்கொண்டு அந்த வாரிய ஆபீசுக்குப் போனேன். அதிகாரி இல்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வேறு வேலை இல்லாமல் மேலே பார்த்தேன். வெள்ளை வெளேரென்று கூரை. ஒரு கீறல் இல்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் விசிறி மாட்டாத கொக்கி ஒன்று தடியாக, கெட்டியாக இருந்தது. அங்கிருந்த குமாஸ்தா, “என்னம்மா, மேலயே பாத்துக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல சார். கூரை நல்லா கீது.”

மனுவை வாங்கித் தட்டில் போட்டார். நான் சத்தம் போடவில்லை. உன்னைப் போல எனக்கு வாய் கிடையாது. வீட்டுக்கு வந்து உன் பழைய நூல் புடவைகளில் நன்றாகத் துவைந்து மெத்தென்று ஆனதை எடுத்துத் தனியாக மடித்து வைத்தேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் பேரனோ பேத்தியோ, அந்தக் குழந்தையை இந்த வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். ஆஸ்பத்திரியில் பேர் வெட்டி வெளியே அனுப்பியதும் ஆட்டோவை நேராக அந்த ஆபீசுக்குத்தான் விடச் சொல்வேன். பெஞ்சின் மேல் ஏறி அந்தக் கொக்கியில் உன் புடவையைக் கட்டுவேன். எழுந்து போ என்பார்கள், போலீசைக் கூப்பிடுவார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கும் கஸ்தூரி, இப்போதே இருக்கிறது. பயந்தாலும் தூளியை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

பிறக்கப் போகும் பிள்ளையில் உன்னோடு சரிபாதி உரிமைக்காரி,
உன் சம்பந்தி
மல்லிகா